கட்டி வரைக்கும் துகளைக் கொண்டுபோகும் மைக்ரோ கதீட்டர்கள்: பக்கத்தில் நின்று பார்த்தவனின் மதிப்பீடு

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில் (ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) டெக்னீஷியனாக இருக்கிறேன். பெரும்பாலும் இதய வேலைதான், ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று நாள் ஓடிவிடும். கல்லீரல் கட்டிக்கான எம்போலைசேஷன் (கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைப்பது) கேஸ்கள் சேர்ந்தால் மதுரையில் இருந்து இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர், அதாவது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே குழாய் வழியாகச் சிகிச்சை செய்பவர், வருவார். அன்றைக்கு டேபிள் ஓரமாக நின்று பொருள் எடுத்துக் கொடுப்பது, பீட்ஸ் (ரத்தக் குழாய்க்குள் விடும் நுண்மணிகள்) கலப்பது, கலந்ததை அடியில் தங்கவிடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பது எல்லாம் என் பொறுப்பு. அதற்கு முன்னால் சென்னையில் வேலை பார்த்தபோது கதிரியக்கத் துகள் செலுத்தும் கேஸ்களிலும் நின்றிருக்கிறேன். தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் யார் வீட்டிலாவது இந்தச் சிகிச்சை என்றால் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் போன் போடுகிறார்கள். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் படுக்கணும் என்று கேட்கிறார்கள். மருந்து எந்தக் குழாய் வழியாகப் போகிறது, அதன் முனை எப்படிப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் சிகிச்சையின் பாதி அங்கேதான் இருக்கிறது. அதனால் மைக்ரோ கதீட்டர் என்கிற அந்த மெல்லிய குழாய்களை மட்டும் எடுத்து எழுதுகிறேன்.

முதலில் விஷயம் புரிவதற்காகக் கொஞ்சம். கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கம் இருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மிச்சம் கல்லீரல் தமனி வழியாக. ஆனால் கல்லீரலில் வளர்கிற புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தமனியில் இருந்தே இழுத்துக்கொள்ளும். அப்படியென்றால் தமனி வழியாக மருந்தைவிட்டால் கட்டிக்கு நிறையப் போகும், நல்ல ஈரலுக்குக் குறைவாகப் போகும். மொத்தச் சிகிச்சையும் இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது.

இதில் இரண்டு வகை. கீமோ மருந்து ஏற்றிய பீட்ஸையோ, மருந்தை லிபியடால் எண்ணெயில் குழைத்தோ விட்டு ரத்த ஓட்டத்தையும் அடைப்பது டேஸ் (TACE). யிட்ரியம் 90 என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய நுண்ணிய உருண்டைகளை விட்டு உள்ளிருந்தே கதிர் கொடுப்பது டேர் (TARE). (லிபியடால் என்பது அயோடின் சேர்த்த கசகசா எண்ணெய். நம் ஊர் அம்மியில் தேங்காயோடு அரைபடுகிற அதே கசகசா. பிரான்சில் 1901இல் கண்டுபிடித்தது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.) டேஸ் எங்கள் லேபிலேயே செய்ய முடிகிறது. டேருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, அணு மருத்துவத் துறை, கழிவை வைக்க இடம் எல்லாம் வேண்டும் என்பதால் சென்னைக்கு அனுப்பிவிடுகிறோம்.

இரண்டுக்கும் வழி ஒன்றுதான். தொடையிலோ மணிக்கட்டிலோ தமனியில் ஷீத் (மற்றக் குழாய்கள் நுழைவதற்கான சின்ன வாசல் குழாய்) போட்டு, 5 ஃபிரெஞ்ச் கதீட்டரை வயிற்றுப் பெரிய தமனிக் கிளை வரை கொண்டுபோய், அதற்குள்ளிருந்து மைக்ரோ கதீட்டரை நீட்டி, கட்டிக்குப் போகும் கிளைக்குள் நுழைய வேண்டும். மூன்று ஃபிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அப்போ 2.7 ஃபிரெஞ்ச் மைக்ரோ கதீட்டரின் வெளி விட்டம் 0.9 மில்லிமீட்டர்தான், உள்ளே இருக்கும் ஓட்டை அதைவிடச் சிறியது. அந்த ஓட்டை வழியாக 100 முதல் 300 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) பீட்ஸ் போகணும், அல்லது 20 முதல் 60 மைக்ரான் அளவில் ரெசின் (பிசின்) வகை யிட்ரியம் உருண்டைகள் போகணும்.

கோட்டையூர் ஆச்சி ஒருவர், டேபிளில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார்: "ஏந் தம்பி, மருந்த உள்ள விட்டா அது நேரா கட்டிக்குத்தான் போகுமா, வேற எங்கயும் போயிறாதுல்ல?" இந்தத் துறையில் இருபது வருஷமாகப் பொறியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி அதுதான்.

எங்கே போய்விடும் என்றால், கல்லீரல் தமனி போகிற வழியிலேயே வயிற்றுக்கும் முன்சிறுகுடலுக்கும் கிளைகள் பிரிகின்றன, பித்தப்பைக்கு ஒரு கிளை போகிறது. துகள் விட விட கட்டியின் நுண்குழாய்கள் நிறைந்துவிடும், முன்னால் ஓட்டம் மெதுவாகும். கண்மாய் மடையைத் திறந்துவிட்டு, கடைசி வயல் நிறைந்த பிறகும் மூடாமல் இருந்தால் தண்ணீர் வாய்க்காலில் எதிர்த்து ஏறிப் பக்கத்து வயலுக்குள் புகுந்துவிடும் இல்லையா, அதே கதைதான். முனையைத் தாண்டிப் பின்னால் வந்த துகள் வயிற்றுக் கிளைக்குள் போனால் புண். சாதாரண அல்சர் மாதிரி மாத்திரைக்கு அடங்காத புண், கதிரியக்கத் துகளாக இருந்தால் இன்னும் மோசம். இதைத்தான் லேபில் ரிஃப்ளக்ஸ் என்கிறோம். மானிட்டரில் கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் திரவம்) கறுப்பாக முனைக்குப் பின்னால் ஒரு நூல் அளவு ஏறும்போதே டாக்டர் கையை எடுத்துவிடுவார்.

சரி, குழாய்களுக்கு வருவோம்.

நுனியில் ஒரே ஓட்டை உள்ள சாதாரண மைக்ரோ கதீட்டர். டெருமோவின் புரோகிரேட் மாதிரியானவை இந்த வகை. நம் பக்கத்து லேப்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். இதன் பெரிய பலம், எங்கும் நுழையும். ஈரல் சுருங்கிப்போன நோயாளிகளுக்குத் தமனி திருகித் திருகிக் கிடக்கும். அப்படி வளைவுக்கு மேல் வளைவாக இருக்கும்போது நுனி மென்மையாகவும் பின்பகுதி தள்ளுவதற்குத் தெம்பாகவும் இருக்கும் இந்தக் குழாய்தான் கட்டியின் வாசல் வரை போகும். எவ்வளவு கிட்டப் போகிறோமோ அவ்வளவுக்கு வயிற்றுக் கிளைகள் தூரமாகும், ரிஃப்ளக்ஸ் வந்தாலும் ஈரலுக்குள்ளேயே அடங்கும். பொறுமையான கை இருந்தால் இந்தச் சாதாரணக் குழாயிலேயே அருமையான வேலை செய்ய முடியும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாக விடுவார், நிறுத்துவார், ஃப்ளூரோவில் (ஓடும் எக்ஸ்ரே படத்தில்) பார்ப்பார், மறுபடி விடுவார். வேகமாக அடிக்கும் கையில் இதே குழாய் ஆபத்து.

இதற்கு வேறொரு குறையும் உண்டு. வெளியே அதிகம் பேசப்படாத குறை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தமனிக்குள் ரத்தம் கலங்கி ஓடுவதில்லை, இழை இழையாக ஓடுகிறது. முனை சுவரை ஒட்டிக் கிடந்தால் துகள் அந்தப் பக்கத்து இழையோடு போய், அடுத்த பிரிவில் ஒரு கிளைக்குள் மட்டும் நிறையவும் இன்னொன்றில் குறைவாகவும் விழும். முனை நடுவில் இருந்தால் கணக்கு வேறு. மூச்சு இழுக்கும்போது ஈரல் இறங்கும், முனையும் நகரும். அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ட் கிளைன்ஸ்ட்ராயர் குழு இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். தமனியின் குறுக்குவெட்டில் எந்த இடத்தில் துகளை விடுகிறோம் என்பதை வைத்து அது எந்தக் கிளைக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்று காட்டினார்கள். அதன்படி முனையை வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்தும் ஸ்மார்ட் மைக்ரோ கதீட்டர் ஒன்றையும் யோசித்தார்கள். என் பார்வையில் இந்த யோசனைதான் விஷயத்தின் வேரைத் தொடுகிறது. பின்னால் வருவதைத் தடுக்க எல்லோரும் ஏதோ செய்கிறார்கள், முன்னால் போவது சரியான கிளைக்குப் போகிறதா என்று கவலைப்படுவது குறைவு.

டேருக்கு முன்னால் ஒத்திகை பார்ப்பார்கள். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய அல்புமின் (புரதம்) துகளை முதலில் விட்டு, ஸ்கேனில் எங்கே விழுந்தது, நுரையீரலுக்கு எவ்வளவு கசிந்தது என்று கணக்கெடுப்பது. நுரையீரலுக்கு ஒரு தடவையில் 30 கிரேக்கு (கிரே என்பது கதிர் அளவின் அலகு) மேல் போகக் கூடாது என்பது வழக்கமான எல்லை. இந்த ஒத்திகையில் முனை எங்கே இருந்ததோ, சிகிச்சை நாளிலும் அங்கேயே இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் முன்பின் ஆனாலும், கிளை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால், பங்கீடு மாறிவிடும். சாதாரண முனையை அதே இடத்தில் அதே கோணத்தில் மறுபடி வைப்பது முழுக்கக் கையையும் பழைய படத்தையும் நம்பிய வேலை.

அடுத்து, விரியும் முனை. சர்ஃபயர் என்ற பெயரில் அமெரிக்காவில் கொலராடோவில் இருந்து வந்தது, அந்தக் கம்பெனிதான் பிறகு ட்ரைசாலஸ் ஆனது, இப்போதைய வடிவம் ட்ரைநாவ். நுனியில் மெல்லிய வலைப்பின்னலில் புனல் வடிவ வால்வு இருக்கும். உள்ளே போனதும் விரிந்து தமனிச் சுவரைத் தொட்டு நிற்கும். முன்னால் போகும் ரத்தத்தை விடும், பின்னால் வரும் துகளைப் பிடித்துக்கொள்ளும். கூடவே முனைக்கு அப்பால் தமனிக்குள் அழுத்தம் குறைகிறது. அதை வைத்து, கட்டிக்குள் துகளை இன்னும் ஆழமாகத் தள்ளலாம் என்பது அவர்கள் வாதம். முனை தமனியின் நடுவில் நிலையாக நிற்பது, நான் மேலே சொன்ன இழைக் கணக்குக்கும் நல்லது. 2015இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் 9 பேருக்கு ஒரே ஆளில் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்தார்கள், எல்லோருக்குமே விரியும் முனையில் கட்டிக்குள் துகள் சேர்வது கூடியது, 33 முதல் 90 சதவீதம் வரை. ஒன்பது பேர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் ஒரே நோயாளியில் இரண்டையும் ஒப்பிட்டது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

இந்த வகையை நம் ஊர்ப் பக்கம் பார்ப்பது அரிது. வெளிவந்ததைப் படித்தும் தெரிந்த டாக்டர்களிடம் கேட்டும் சொல்கிறேன். குறை என்று பார்த்தால், சாதாரண முனையைவிடத் தடிமன், ரொம்பச் சிறிய கிளைக்குள் போகாது, திருகின தமனியில் கஷ்டப்படும். விலை பல மடங்கு. ஒரு பக்க ஈரல் முழுக்கக் கொடுக்க வேண்டிய கேஸ், வயிற்றுக் கிளை பக்கத்திலேயே பிரிகிற கேஸ், இதற்கெல்லாம் நிச்சயம் வேண்டும் என்பேன். மூன்று சென்டிமீட்டர் கட்டி ஒன்று, தனிக் கிளை ஒன்று என்றால் இதற்குக் காசு போடுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, நுனியில் பலூன் உள்ளது. டெருமோவின் ஆக்லுசேஃப், எம்பாலெக்ஸின் ஸ்னைப்பர் இந்த வகை. முனைக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு குட்டிப் பலூன், அதை ஊதினால் தமனி அங்கே அடைபடும், பின்னால் எதுவும் வர வழியில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் அழுத்தத்தை அளக்க முடிவது. பலூனை ஊதினதும் அதற்கு அப்பால் தமனிக்குள் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வேலையை ஆரம்பிக்கலாம். ஜப்பானில் இரியே குழு 2013இல் எழுதினார்கள், அந்த அழுத்தம் 64 மில்லிமீட்டர் பாதரசமோ அதற்குக் கீழோ இறங்கின இடங்களில் லிபியடால் கட்டிக்குள் நெருக்கமாகச் சேர்ந்தது என்று. கட்டிக்கு நுண்குழாய்களின் எதிர்ப்பு குறைவு, சுற்றியுள்ள நல்ல ஈரலில் பக்கவழி ரத்தம் எதிர்த்து நிற்கிறது, அதனால் மருந்து கட்டிப் பக்கமே போகிறது என்பது விளக்கம்.

சென்னையில் பலூன் முனை வைத்துச் செய்த டேஸ் கேஸ்களில் நின்றிருக்கிறேன். படத்தில் கட்டி மட்டும் கறுத்து நிறைவதைப் பார்க்கும்போது மனசுக்கு அவ்வளவு திருப்தியாக இருக்கும். ஆனால் லேப் ஆளாகச் சில விஷயம் சொல்ல வேண்டும். பலூனை ஊதும் சிரிஞ்ச் ஒரு மில்லிக்கும் குறைவான அளவில் விளையாடுகிறது, கொஞ்சம் கூடினாலும் தமனிச் சுவர் கீறும். ஊதுவதற்கான தனி வழியும் குழாய்க்குள்ளேயே ஓடுவதால் மருந்து போகிற ஓட்டைக்கான இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒரு தடவை பெரிய பீட்ஸ் போட்டபோது குழாய் நடுவில் அடைத்துக்கொண்டது. முழுக் குழாயையும் வெளியே எடுத்து, புதிது பிரித்து, மறுபடி உள்ளே போக வேண்டியிருந்தது. அது எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, பீட்ஸ் அளவும் குழாய் ஓட்டையும் பொருந்துமா என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் எந்தப் பலூன் குழாயையும் பிரிக்காதீர்கள் என்று என் தொழில் நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

டேஸுக்கு இந்த வகைக்கு முழு மனதோடு ஆதரவு தருவேன். யிட்ரியத்துக்கு யோசிப்பேன். ஏனென்றால் யிட்ரியம் உருண்டைகளைக் கட்டிக்குள் கொண்டுபோய்ப் பரப்புவது ரத்த ஓட்டம்தான். குறிப்பாகக் கண்ணாடி உருண்டைகள் கனமானவை, ஓட்டத்தை மட்டுப்படுத்திவிட்டு அவற்றை விடும்போது எங்கே போய் எப்படித் தங்கும் என்பதை ரொம்பக் கவனமாகக் கணக்குப் போட வேண்டும்.

நாலாவது வகையை நான் கையில் எடுத்துப் பார்த்தபோது முதலில் வித்தியாசமே தெரியவில்லை. கெர்பே கம்பெனியின் சீக்யூர். வெளியே சாதாரண மைக்ரோ கதீட்டர்தான். நுனிக்குச் சற்று முன்னால் சுவரில் மிக மெல்லிய பக்கப் பிளவுகள். விடும்போது கான்ட்ராஸ்ட் நீர் அந்தப் பிளவுகள் வழியாகப் பக்கவாட்டில் கசியும், பீட்ஸ் பிளவைவிடப் பெரியவை என்பதால் நுனி வழியாகத்தான் போகும். பக்கவாட்டில் வந்த நீர் குழாயைச் சுற்றி ஒரு தடுப்பாக நிற்கிறது, பின்னால் வரப் பார்க்கும் பீட்ஸை அது முன்னாலேயே திருப்பிவிடுகிறது. விரிவதும் இல்லை, ஊதுவதும் இல்லை, சுவரைத் தொடுவதும் இல்லை. திருகின தமனியிலும் சாதாரணக் குழாய் மாதிரியே ஏறும். டாக்டர் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டாம், எனக்கும் டேபிளில் கூடுதல் சிரிஞ்ச், கூடுதல் குழாய் எதுவும் இல்லை. எங்களைப் போலச் சின்ன ஊரில், எப்போதாவது கேஸ் செய்யும் லேபுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். முழுத் தடுப்பு கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நீர்த்தடுப்பு உருவாக ஓரளவு வேகத்தில் விட வேண்டும், முன்னால் ஓட்டம் முழுதாக நின்றபிறகும் விட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் குழாயும் காப்பாற்றாது.

குழாயைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, அதன் வாலில் என்ன மாட்டுகிறோம் என்பதும் இருக்கிறது. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏற்றிய பீட்ஸைச் சலைனில் கலக்கக் கூடாது, சலைனில் உள்ள அயனிகள் மருந்தை பீட்ஸுக்கு வெளியே இழுத்துவிடும். அயனி இல்லாத கான்ட்ராஸ்ட், தேவைப்பட்டால் ஸ்டெரைல் வாட்டர், அவ்வளவுதான். கான்ட்ராஸ்ட் குறைந்தால் பீட்ஸ் அடியில் போய் உட்காரும், கூடினால் மேலே மிதக்கும். சிரிஞ்சைப் படுக்கையாகப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்து, சிவப்பு மணிகள் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நடுவில் ஒரே சீராக மிதக்கும் வரைக்கும் நான் அடுத்த ஆளிடம் கொடுப்பதில்லை. டாக்சோரூபிசின் ஏறினதும் நீல பீட்ஸ் சிவப்பாகிவிடும், அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. லிபியடால் என்றால் சாதாரண பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் செய்த த்ரீ வேயை (மூன்று வாய் உள்ள இணைப்பு) மாட்டக் கூடாது. எண்ணெய் பட்டால் வெடிப்பு விடும், அழுத்தித் தள்ளும்போது கீமோ மருந்து கையில் தெறிக்கும். லிபியடாலைத் தாங்கும் த்ரீ வே தனியாக வருகிறது. காரைக்குடியில் கேட்டால் உடனே கிடைக்காது, கேஸுக்கு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். முனையில் லட்சம் ரூபாய் தொழில்நுட்பம் வைத்துவிட்டு வாலில் வெடிக்கிற த்ரீ வே மாட்டுகிற லேப்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

யிட்ரியத்தில் வால் இன்னும் முக்கியம். அதன் அரை ஆயுள் 64 மணி நேரம். எந்த நாள், எந்த நேரத்துக்கு எவ்வளவு கதிர் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் குப்பி வரவழைக்கிறார்கள். குழாய் அடைத்துவிட்டால் இன்னொரு குப்பி அலமாரியில் இருக்காது. குப்பியிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு மிஞ்சுவதும் நோயாளிக்குப் போகாத டோஸ்தான், அதை அளந்து எழுத வேண்டும். அந்தக் கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான் போகும், அதிகபட்சம் 11. அதனால் துகள் எங்கே உட்காருகிறதோ அங்கேதான் வேலை நடக்கும். டோஸ் சரியாகக் கட்டிக்குப் போவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021இல் வந்த டோசிஸ்பியர் ஆய்வு ஒன்றே போதும். பிரான்சில் 60 பேர். கட்டிக்குக் குறைந்தது 205 கிரே போகிற மாதிரி ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் பக்கம் ஆயுளின் நடுமதிப்பு (மீடியன், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம்) 26.6 மாதம், பொதுக் கணக்கில் கொடுத்தவர்கள் பக்கம் 10.7 மாதம். சின்ன ஆய்வுதான், ஆனால் கணக்குப் போடுகிற ஆளுக்கும் முனையை வைக்கிற கைக்கும் இடையில் நோயாளியின் எத்தனை மாதங்கள் இருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. என் அம்மானுக்கு வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் டேஸ் செய்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்து காட்டினார், "மைக்ரோ கதீட்டர் மூலம் எம்போலைசேஷன் செய்யப்பட்டது" என்று ஒரே வரி. எந்தக் குழாய், எந்த அளவு பீட்ஸ், எந்தக் கிளையில் முனை நின்றது, ரிஃப்ளக்ஸ் பார்த்தார்களா, எந்த இடத்தில் நிறுத்தினார்கள், எதுவும் இல்லை. பில்லில் மட்டும் மைக்ரோ கதீட்டருக்குத் தனித் தொகை இருந்தது. டேஸ் ஒரு தடவையோடு முடிகிற சிகிச்சை இல்லை, பெரும்பாலும் திரும்பச் செய்ய வேண்டிவரும். அடுத்த டாக்டர் என்னத்தைப் பார்த்து ஆரம்பிப்பார்? கேட்டபோது அம்மான் சொன்னார், "எனக்கென்னப்பா தெரியும், அவுக குடுத்தத வாங்கிட்டு வந்தேன்." பிறகு நாங்கள் எழுதிக் கேட்டுப் படங்கள் அடங்கிய சிடியை வாங்கினோம். நீங்களும் வாங்குங்கள். சிடி கேட்பது உங்கள் உரிமை. பெட்டியில் உள்ள ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், ஸ்டென்டுக்கு ஒட்டுவதுபோல இதற்கும் ஒட்டச் சொல்லுங்கள். இது ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய பொருள், கழுவி மறுபடி பயன்படுத்துவதற்கு அல்ல. ஸ்டிக்கர் இருந்தால் அந்தச் சந்தேகமும் தீரும்.

முன்னேற்றம் என்று கேட்டால், நான் எதிர்பார்ப்பது இன்னும் ஆடம்பரமான முனைகளை அல்ல. நுனியிலேயே அழுத்தம் காட்டும் ஒரு சின்ன சென்சார் வேண்டும், மானிட்டரில் எண்ணாகத் தெரிய வேண்டும். இப்போது ஓட்டம் மெதுவானதைக் கண்ணால் பார்த்துக் கையால் உணர்ந்து நிறுத்துகிறோம், அனுபவசாலிக்குச் சரி, புதியவருக்கு அது பெரிய சுமை. மணிக்கட்டு வழியாகப் போகும்போது குழாயின் நீளம் போதவில்லை என்கிற பிரச்சினை உயரமானவர்களுக்கு வருகிறது. நுனியில் எக்ஸ்ரேயில் தெரியும் குறி இன்னும் பளிச்சென்று இருக்கலாம். பீட்ஸே எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி வந்துவிட்டது, லூமி என்ற பெயரில். ஹோல்மியம் 166 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளின் உருண்டைகளை எம்ஆர்ஐயில் பார்க்கலாம். துகள் தெரிய ஆரம்பித்துவிட்டால் குழாயின் குறைநிறையும் அங்கேயே டேபிளிலேயே தெரிந்துவிடும், அதனால் இந்த இரண்டு வழியையும் நான் ரொம்ப ஆவலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் விலை. நல்ல முனைகள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. இங்கேயே செய்த சித்ரா என்ற இதய வால்வை 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்திக் காட்டிய நாடு இது. யிட்ரியம் கண்ணாடி உருண்டையையே பாபா அணு ஆராய்ச்சி மையம் பாபாஸ்பியர் என்ற பெயரில் செய்திருக்கிறது. உள்ளே போகிற துகளை இங்கே செய்ய முடிகிறபோது அதைக் கொண்டுபோகிற குழாயை மட்டும் செய்ய முடியாதா? எங்கள் ஊரில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால் அமைந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, மின்வேதியியலில் சென்சார் வேலை நடக்கிற இடம். நுனியில் வைக்கிற மாதிரி ஒரு அழுத்த சென்சாரை அங்கே படிக்கிற பிள்ளைகள் யாராவது எடுத்துச் செய்ய மாட்டார்களா என்று அந்தக் கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். வருகிறவர்களுக்கு லேபைத் திறந்து காட்ட நான் தயார், டாக்டரும் தயார்.

எங்கள் லேபுக்கு என்ன வாங்கலாம் என்று நிர்வாகம் கேட்டபோது எழுதிக் கொடுத்ததையே இங்கேயும் சொல்கிறேன். சாதாரண முனை 2.4 ஃபிரெஞ்சும் 2.7 ஃபிரெஞ்சும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பக்கப் பிளவு உள்ளது கேஸுக்குக் கேஸ் வரவழைத்தால் போதும், வயிற்றுக் கிளை பக்கத்தில் இருக்கிற நோயாளிகளுக்கு அதைக் கட்டாயமாக்குங்கள். பலூன் முனை டாக்டர் கேட்டால் மட்டும். விரியும் முனை தேவைப்படும் அளவுக்குப் பெரிய கேஸ் என்றால் அந்த நோயாளியை அது வழக்கமாக நடக்கிற இடத்துக்கு அனுப்புவதுதான் அவருக்கு நல்லது.

வீட்டில் யாருக்காவது நாள் குறித்திருந்தால், முதல்நாள் டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: முன்னால் எப்போதாவது வயிற்றுப் புண்ணோ வயிற்று ஆபரேஷனோ இருந்ததா, பித்தநாளத்தில் ஸ்டென்ட் போட்டிருக்கிறதா என்று. பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருந்தால் பிறகு ஈரலில் சீழ்க்கட்டி வரும் வாய்ப்பு கூடுதல், அதற்கு ஆன்டிபயாடிக் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். பழைய சிடி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கேஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் எங்கள் சிஸ்டத்தில் போட்டுத் திறந்து வைத்துவிடுகிறேன்.